கால்வாசித் திருப்பம்

எங்கள் வீட்டில் கணக்கு மூளை என் அண்ணனான நானாவுக்கு மட்டுமே வாய்த்திருந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். மாத்தளைக் கடைத்தெருவில் கராம்பு வாங்க வருகிறவர்களிடமெல்லாம், மகன் என்ஜினியராகப் போகிறான் என்று வாப்பா சொல்லிவைத்திருந்தார். பெரிய பிள்ளையானதும் படிப்பு நிறுத்தப்பட்ட என் ராத்தா, வீட்டின் மூத்த பெண், குசினியில் சோறு வேகும் நேரத்தில் நானாவின் கணக்குகளைச் செய்துகொடுத்தது எனக்கு மட்டுமே தெரியும். கொப்பியைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோனவள் நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

ஒரு நாள் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் வந்தது. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் மைனஸ் வராதே என்று நானா கொப்பியை எறிந்தான். ராத்தா மூன்று நாள் புத்தகத்தோடு மல்லாடினாள். பிறகு பின்முற்றத்துச் சீமெந்துத் தரையில் சோக்குக் கட்டியால் நெடுங்கோடு ஒன்று கிழித்து, அதன் நடுவில் என்னை நிறுத்தினாள்.

“கெணத்தப் பாரு. அந்தப் பக்கம் ஒண்டு, முதுகுப் பக்கம் மைனஸ் ஒண்டு. நாம தேடுறது இந்தக் கோட்டுல கெடைக்காது, புள்ள. கால்வாசி திரும்பு.”

திரும்பினேன். கோட்டை விட்டு, மாமரத்தைப் பார்த்து நின்றேன்.

“இதுதான் ‘ஐ’. கற்பனை எண் எண்டு சென்னாலும் பொய்யில்ல. வேற பக்கம், அவ்வளவுதான். இன்னொருக்கா திரும்பு.”

கிணறு என் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது; நான் மைனஸ் ஒன்றைப் பார்த்து நின்றேன். ராத்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் கணக்கு மாஸ்டர் நானாவைப் பாராட்ட வீட்டுக்கே வந்தார். ராத்தா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

“‘ஐ’யை ‘ஐ’யாலயே பெருக்கினா மைனஸ் ஒன்னு. ஏன்னு வாப்பாவுக்கு விளங்கப்படுத்துங்க தம்பி.”

நானா கூரையைப் பார்த்தான். வாப்பாவின் முகம் வாடியது. அதைப் பொறுக்காமல் நான் கூடத்தின் நடுவில் போய் நின்று, இரண்டு தரம் கால்வாசி திரும்பிக் காட்டினேன்.

மாஸ்டர் எழுந்தேவிட்டார். “யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?”

“ராத்தா. நானாட கணக்கெல்லாம் அவதான் செய்ற.”

“அந்தப் புள்ளய பரீட்சை எழுத விடுங்க, முதலாளி” என்றார் மாஸ்டர்.

வாப்பா அவருக்கு இன்னொரு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

ராத்தா மெச்சுவாள் என்று ஓடினேன். அவள் பின்முற்றத்தில் குந்தியிருந்து, ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு கோடு போடப்போகிறாளாக்கும் என்று நானும் ஒரு துணி எடுத்து வந்து துடைத்தேன்.

அந்த மாதமே நாவுலையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நானா பரீட்சையில் தோற்றான். கணக்கு மாஸ்டர் சரியில்லை என்று வீட்டில் முடிவானது.

இத்தனை வருடங்களில் வாப்பாவும் உம்மாவும் காலமாகிவிட்டார்கள். நானாவும் இல்லை. கணவனை இழந்து திரும்பிய ராத்தாவும் நானும் அந்த வீட்டில் இருக்கிறோம்.