விரிசலைச் சொல்லி விற்பவர்

பீங்கான் பொம்மைக் கடையில் பாதி ஆயுளைக் கழித்த பழமலைநாதன், அதே விருத்தாசலம் கடைத்தெருவில் புத்தகக் கடை போட்டார். தொழில்தான் மாறியது, பழக்கம் மாறவில்லை. பொம்மையைத் தாளில் சுற்றுமுன் அதிலிருக்கும் விரிசலைக் காட்டிவிடுவது பழைய கடையின் வழக்கம். புத்தகத்துக்கும் அதையே செய்தார்.

"நாவல் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா கொலை பண்ணது மச்சான்தான்னு பாதியிலயே தெரிஞ்சிடுது. பின்னாடி வந்து நீங்க கேக்கக் கூடாது பாருங்க."

புதுப் புத்தகம் எதுவும் அலமாரியை விட்டு இறங்கவில்லை. மனைவி கனகா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருநாள் சென்னையிலிருந்து காரில் வந்த ஒருவர், பழைய நாவல் ஒன்றின் முதல் பதிப்பைக் கேட்டார். பழமலைநாதன் அட்டையிலிருந்த டீக்கறையைக் காட்டினார், பூச்சி அரித்த ஓட்டையைக் காட்டினார். வந்தவருக்கோ அவையெல்லாம் பழமைக்குச் சான்றாகப் பட, ஒவ்வொன்றுக்கும் முகம் மலர்ந்தது. கனகா அவசர அவசரமாகப் புத்தகத்தைத் தாளில் சுற்றினாள்.

"கதையிலயும் ஒரு குறை இருக்குதுங்க..."

"அது எனக்கெதுக்கு? நான் படிக்கவா வாங்குறேன்? கண்ணாடி அலமாரியில வைக்கத்தான்."

பழமலைநாதன் மனைவியின் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினார்.

"வைக்கத்தானே? எதிர்க்கடையில பீங்கான் யானை இருக்குது, போய் வாங்கிக்குங்க. படிக்கலன்னு அது கோவிச்சிக்காது."