தெரு மிதிக்காத செருப்பு

ப்ராக் நகரத்தில் லிஃப்டில் ஏறுகிற முன்பின் தெரியாத ஆள்கூட நம்மைப் பார்த்து 'தோப்ரி தென்' என்று வணக்கம் சொல்கிறார். இறங்கும்போது 'நாஸ்க்லெதனோ' என்று விடைபெறுகிறார். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. மதுரை திருநகரில் எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை. "எங்க, கடைக்கா?" என்று ஆரம்பிப்போம், பேசி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். இங்கே மகள் வீட்டோடு வந்து ஆறு வருடமாகிறது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்னமும் லிஃப்டுக்குள் தலைகளை எண்ணி, யாருக்காவது வணக்கம் பாக்கி வைத்துவிட்டோமோ என்ற கவலையோடுதான் இறங்குகிறேன்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே சுற்றிப்பார்க்க வருவது கூடிவிட்டது. ஆகவே சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். ட்ராமில் ஏறியதும் டிக்கெட்டை உள்ளே இருக்கும் சின்னப் பெட்டியில் நீட்டி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாத டிக்கெட் கையில் இருந்தாலும் நீங்கள் வித்தவுட்தான். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்; நகர்கிற படியிலும் ஓடுகிறவர்கள் இங்கே உண்டு. ஆற்றின் மேலுள்ள பழைய கல்பாலத்தின் நடுவில் நின்று குடும்பப் படம் எடுக்காதீர்கள். அதில் முப்பது சிலைகள். நான் எண்ணிச் சரிபார்த்துவிட்டேன், நீங்கள் நின்று எண்ண வேண்டாம். போன அக்டோபரில் வந்த என் அக்காவுக்கும் மச்சானுக்கும் இத்தனையையும் விமான நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் சொல்லி முடித்தேன். ஒன்று மட்டும் விட்டுப்போனது.

மச்சான் மதுரை செல்லூரில் விசைத்தறி வைத்திருந்தவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். "மாப்ள, இந்தப் பாலம் நம்ம வைகையாத்து ஏ.வி. பாலம் அம்புட்டு இருக்குமா?" என்று அவர் கேட்டதும் ட்ராமில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"மெதுவாப் பேசுங்க மச்சான்."

"மெதுவாத்தானப்பா பேசுறேன்!"

"இது மெதுவுதான் தம்பி," என்றாள் அக்கா. "சத்தமாப் பேசுனாருன்னா செல்லூருக்குப் பேச ஃபோனே தேவையில்ல."

அவருக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு நான் ஊருக்குப் போயிருந்த சித்திரையில், வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்கு உச்சிவெயிலில் போனோம். கல்தரை கொதித்தது. நாங்கள் எல்லோரும் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓட, மச்சான் மட்டும் நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றினார். "பக்தின்னா இது," என்றார் பக்கத்தில் நின்றவர். காலில் உணர்ச்சி இல்லை என்பது வீட்டுக்கு வந்து கொப்புளங்களைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. புண் ஆறவில்லை, இடதுகால் சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்தது. இன்னொரு புண் வந்தால் பாதத்துக்கே ஆபத்து, வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரைக்காரர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்புக்கு மாறினார். கோயிலுக்குப் போவதும் நின்றது. செருப்போடு உள்ளே போக மனம் வராது, கழற்றிவிட்டுப் போக அக்கா விட மாட்டாள். அதனால் எந்தக் கோயிலானாலும் வாசலுக்கு வெளியே நின்றே கும்பிடுவார்.

இங்கே பழைய தேவாலயம் ஒன்றைப் பார்க்கப் போனோம். அக்காவைக் கைபிடித்துப் படியேற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மச்சானின் ஷூ மட்டும் இருக்கிறது. உள்ளே ஓடினேன். தலையில் குரங்குக் குல்லா, காலில் வெறும் சாக்ஸோடு நடுவில் கைகூப்பி நிற்கிறார். அங்கே காவலுக்கு இருக்கும் பெரியவர் எதிரில் வந்து தன் தலையைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். மச்சான் குல்லாவைக் காதுக்குக் கீழே இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, "குளுருதான்னு அக்கறையாக் கேக்குறாரு மாப்ள," என்றார்.

நான் சொல்ல விட்டது இதைத்தான். இங்குள்ள தேவாலயத்தில் ஆண்கள் தலையில் இருப்பதைக் கழற்ற வேண்டும், காலில் இருப்பதைக் கழற்றக் கூடாது.

"நேத்துக் காப்பிக்குக் கூப்பிட்ட கீழ்வீட்டம்மா ஷூவக் கழட்டச் சொல்லி வேற செருப்புக் குடுத்துச்சுல்ல? வீட்டுக்குள்ள கழட்டுறாய்ங்க, சாமி வீட்டுக்குள்ள கழட்ட மாட்டாய்ங்களா?"

"தரை ஐஸாக் கெடக்கு மச்சான்."

"இங்க என்ன வெயிலா அடிக்குது? குளுச்சிதான?"

"சூடு தெரியாத காலுக்குக் குளிர் மட்டும் தெரியுமா?" என்றேன்.

அக்கா அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் வெளியே போய் ஷூவை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். மறுபடியும் வாசலில். வீட்டில் அக்கா அவர் பாதத்துக்கடியில் கண்ணாடியைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தாள். நல்லவேளை, ஒன்றுமில்லை.

ஊர் திரும்புவதற்குள் அவரை உள்ளே கூட்டிப்போயே தீருவது என்று முடிவெடுத்தேன். வழியை அவரே சொல்லியிருந்தார், கீழ்வீட்டம்மாளின் வீட்டுச் செருப்பு. அக்காவின் பெட்டியில் மாற்றுக்கென்று கொண்டுவந்த புது எம்.சி.ஆர். ஜோடி பிரிக்காமல் இருந்தது.

"இது தெருவையே பார்த்ததில்ல மச்சான். இதுல என்ன அழுக்கு?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் இல்லையே?"

"ரப்பர்தான்."

"அப்ப இது செருப்பில்ல மாப்ள. மெத்தை."

மறுநாள் தேவாலய வாசலுக்குள் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி மஞ்சள் பைக்குள் போட்டார். தரையில் கால் படாமல் புதுச் செருப்புக்கு மாறினார். குல்லாவை அக்குளில் இடுக்கிக்கொண்டார். காவல் பெரியவர் அவர் தலையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், 'தோப்ரி தென்' என்றார். "வணக்கங்க," என்றார் மச்சான். வெகுநேரம் நின்றார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"ரெண்டு வருசமாச்சு மாப்ள, உள்ள வந்து."

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்ற அக்காவுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஆகவே, வருகிறவர்களே, தொப்பியைக் கழற்றுங்கள். சர்க்கரை இருந்தால் தெருவில் போடாத ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மச்சான் அந்தச் செருப்பை என்னிடம் கொடுத்தார். "அங்க நம்ம கோயில்ல இதோட உள்ள விட மாட்டாய்ங்க, மாப்ள. தெருவுல போட எனக்கு மனசு வராது. இங்கயே இருக்கட்டும், வாரேன்."

அது எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. மதுரையில் வாங்கியது, மதுரை மண்ணை மிதித்ததில்லை. இந்த ஊர்த் தெருவையும் மிதித்ததில்லை. வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணித் தெரிந்துகொள்வது என் பழக்கம். தினமும் ஒரு ஜோடி கூடுதலாக வருகிறது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல், மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்.