மார்வாவின் தேரை

சரளைக்கல் மேல் பழைய தலையணையைப் போட்டு மண்டியிட்டிருந்தாள் மார்வா. காரை வண்டியோடு பிணைக்கும் இழுவைக் கம்பியின் துளைக்குள் இரும்புப் பின்னைச் செருகி, கிளிப்பை மாட்டி, அதைப் பிடித்து நாலு தரம் இழுத்துப் பார்த்தாள். "வர்றியா? வரமாட்ட. நல்ல பிள்ளை." பேச்சு அந்தப் பின்னோடுதான், பக்கத்து வண்டிக்காரனான நான் ஒருவன் நிற்பதையே அவள் கண்டுகொள்ளவில்லை. வயது எழுபத்திரண்டு.

குளிருக்குப் பயந்து வருஷா வருஷம் அரிசோனாவுக்கு வரும் எங்களுக்கு மோட்டார் ஹோம் என்ற பெரிய வண்டிதான் வீடு. அதன் பின்னால் இழுபட்டு வரும் குட்டிக் காருக்கு எல்லாரும் தேரை என்றே பெயர் வைத்திருக்கிறோம்; இழுபடுவதற்கும் தேரைக்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு. மார்வாவின் தேரை மஞ்சள். இருபத்தாறு வருடமாக அதைப் பூட்டியவன் அவள் கணவன் டெல்பர்ட். சங்கிலி இரண்டையும் கம்பிக்கடியில் குறுக்காகப் போடுவான், வயரைச் செருகுவான், பின்னால் போய் நின்று முகாமே எழுந்துகொள்ளும்படி கத்தி விளக்குகளைக் கணக்கெடுப்பான், கடைசியில் எல்லாம் சரி என்று ஓட்டுநர் கதவை இரண்டு தட்டுத் தட்டுவான். ஜனவரியில் இங்கேயே இறந்துபோனான். அந்தக் குரல் இல்லாமல் இங்கே காலை நேரம் சப்பென்று ஆகிவிட்டது.

அயோவாவிலிருக்கும் மகன் வண்டியை விற்க ஆள் பிடித்துவிட்டான். வாங்குகிறவர் நாளைக்கு வருகிறார். அதற்குள் இவள் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி கைவிட்டுப் போய்விடும்.

"எங்கயாவது முட்டுச்சந்துல மாட்டிக்கிட்டா என்னம்மா பண்ணுவ? தேரையோட ரிவர்ஸ் எடுக்க முடியாதே" என்றானாம் மகன்.

"கழட்டுவேன், திருப்புவேன், மறுபடி மாட்டுவேன். எனக்கு வேற என்ன வேலை" என்று போனை வைத்துவிட்டாளாம்.

தேரைக்குள் ஏறினாள். கியர் நியூட்ரலில். சாவி, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாத இடத்தில். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து இறங்கினாள். மறுபடி ஏறித் தொட்டுப் பார்த்து இறங்கினாள். மூன்றாம் முறையும் ஏறினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரி, லைல், சிரி. ஹேண்ட்பிரேக்க எடுக்காம நாப்பது மைல் இழுத்து, ரெண்டு டயரும் புகைஞ்சுதே. அந்தக் கதைய டெல்பர்ட் எத்தனை தரம் சொல்லியிருப்பான்?"

"வருஷம் தவறாம. எனக்கு மூளையே இல்லைன்னு தன்னையே திட்டிக்குவான்."

"மறந்தது நான்தான்."

பதினைந்து குளிர்காலம் எங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த கதை அது. அவள் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறான் அந்த மனுஷன்.

அவள் மோட்டார் ஹோமில் ஏறி உட்கார்ந்தாள். விளக்கைப் பார்த்துச் சொல்ல இன்னோர் ஆள் வேண்டும். அவள் கேட்கவில்லை, நானாகவே தேரையின் பின்னால் போய் நின்றேன்.

"இடது எரியுது. வலது எரியுது. பிரேக்கும் சரி. போதும் மார்வா, கால எடு."

பிரேக்கின் சிவப்பு விளக்கு அணையவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு ஓட்டுநர் ஜன்னல் வழியே ஒரு கை வெளியே வந்து, தன் கதவைத் தானே இரண்டு தட்டுத் தட்டியது.