மடிக்கணினிக்கு வைத்த பொட்டு

என் பழைய மடிக்கணினி பத்து நிமிடத்தில் கொதித்து அணைந்துவிடும். எழுதிய பக்கமும் கூடவே போகும். வில்லியனூர் கணினிக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு பிராசஸரை மாற்றினேன். மறுநாளும் கொதித்தது, ஒரு முழு அத்தியாயத்தை விழுங்கிவிட்டு அணைந்தது. மறுபடி அவரிடமே கொண்டுபோனேன்.

“இன்னா சார், கெழட்டு மிசினு! தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க.”

என் கண்முன்னே திறக்கச் சொன்னேன். விசிறியெங்கும் காய்ந்த சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைதோறும் காற்றுத்துளைமேல் நான் வைத்த பொட்டு!

“விசிறியக் கழட்டித்தானேய்யா பிராசஸர் மாத்துன? அப்பக் கண்ணு தெரியலையா?”

“பொட்டு வச்சது நானா சார்?”

வைத்தது நான்தான், ஆனாலும் கோபம் அடங்கவில்லை. பார்த்தும் துடைக்காமல் மூடிய கையல்லவா அது! அங்கேயே துடைக்க வைத்தேன். இன்றுவரை அணையவில்லை.

இப்போது பொட்டு மூடியில் மட்டும். பழுது பார்ப்பவர் மூடும்வரை நான் நாற்காலியைவிட்டு எழுவதில்லை.