அருவிக்குக் கொடுத்த தோள்

பிளாஸ்டிக் முக்காலி மேல் ஏறாதே என்று நானே எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். மாசி மாதம் ஒரு நாள், மாடிக் கொடியில் காற்றுக்குச் சுருட்டிக்கொண்ட புடவையை எடுக்க நானே ஏறினேன். முக்காலியின் கால் பொசுக்கென்று மடங்கியது. வலது கையை ஊன்றி விழுந்தேன். தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பில் விரிசல். ஆறு வாரம் கை கழுத்தில் தொங்கியது.

தென்காசியில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவது என் வேலை. ஒரு காலத்தில் ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். அந்த வேலையை விட்டு வருசக்கணக்காகியும் தெருவில் எனக்கு டீச்சர் என்றுதான் பேர். ஏன் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன வயது. கீழே வீட்டுக்காரர் இருக்கிறார், போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். தண்ணீர் மோட்டாரையும் குப்பை வண்டியையும் விட்டால் எங்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது.

கை ஒடிந்த முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். ஆப்பிள், பிஸ்கட், ஆளுக்கொரு வைத்தியம். இரண்டாவது வாரம் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் யாரும் வரவில்லை. யாரைக் குறை சொல்ல? நான் யார் வீட்டுக்குப் போனேன், என் வீட்டுக்கு யாரும் வருவதற்கு? மதினி மட்டும் மத்தியானத்தில் தூக்குவாளியில் குழம்பு கொண்டுவந்து கீழ்ப்படியில் வைத்துவிட்டு, "டீச்சர்" என்று ஒரு குரல் கொடுப்பார். முட்டுவலிக்காரர், மாடி ஏற மாட்டார். நான் இறங்கிப் போவதற்குள் கதவு சாத்தியிருக்கும். ஒற்றைக் கையால் தலை பின்ன முடியாது. ஆறு வாரமும் பரட்டைத் தலையோடு கிடந்தேன். பேச ஆள் இல்லாமல் ஒரு நாள் பல்லியிடம், "என்ன பார்வை?" என்று எரிந்து விழுந்தேன். என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

அப்போது என் பொறுப்பில் ஒரு புத்தகம் இருந்தது. ஐந்தருவியில் பிறந்து வளர்ந்த ஒரு குரங்குக் குட்டியின் கதை. எழுதியவர் வேறொருவர். அப்படி ஒரு கதை வந்திருக்கிறது என்று தெரிந்ததும் பதிப்பாளருக்கு நானே போன் போட்டு, "இதை வேற யாருக்காவது குடுத்தீங்கன்னா உங்க கூடப் பேசவே மாட்டேன்" என்று சண்டை போட்டு வாங்கினேன். பின்னே? அருவியை டிவியில் பார்த்த ஒருவர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதை வரைவதா? இருபத்துநாலு படம். ஆவணிக்குள் கொடுக்க வேண்டும். இத்தனை வருசத்தில் எனக்கே எனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேலை அது ஒன்றுதான்.

எனக்குக் குனிந்து உட்கார்ந்து வரைய வராது. சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடித்து, அதில் பெரிய தாளைக் குத்தி, நின்றுகொண்டுதான் வரைவேன். அருவியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கொண்டுவர வேண்டுமானால் கோடு தோளிலிருந்து வர வேண்டும். அந்தத் தோள்தான் போய்விட்டது.

கட்டுப் பிரித்த பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். செங்கோட்டைக்காரி, கொல்லத்தில் படித்தவள். வலி தாங்காமல் நான் பல்லைக் கடித்தால், மலையாளம் கலந்து, "மதி, மதி, போதும்க்கா" என்று கையை மெதுவாக இறக்குவாள். அவள் சொல்லிக்கொடுத்த முக்கியமான பயிற்சி, சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே சுவரில் ஏறுவது. எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். படம் வரைகிற பலகையிலேயே விரலை ஏற்றினேன். முதல் நாள் கோடு இடுப்பை ஒட்டி இருந்தது. வைகாசி முடிகிறபோது தாடைக்கு வந்துவிட்டது. அத்தனை நாளும் அந்தப் பலகையில் நான் வரைந்ததெல்லாம் அந்தக் கோடுகள்தான்.

பதிப்பாளர் போன் செய்து, "எத்தனை படம் முடிஞ்சுது மேடம்?" என்று கேட்டார். "பன்னெண்டு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "ஒண்ணு ரெண்டு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்" என்றார். "பாதி வேலையை யாருக்கும் காட்ட மாட்டேன்" என்று கோபப்பட்டேன். பொய் சொல்கிறவளுக்குக் கோபம் எவ்வளவு உதவியாக இருக்கிறது!

ஆனி பிறந்ததும் சாரல் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் உடம்பில் எந்த வலிக்கும் கடைசி மருந்து ஒன்றுதான். காய்கறிக் கடைக்காரர் சொன்னார், மாத்திரைக் கடையில் நின்றவர் சொன்னார், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தே சொன்னார்: "அருவித் தண்ணிய நாலு நாளு தோள்ல வாங்குங்க டீச்சர், வலி பறந்துரும்." மருந்துச் சீட்டை நம்பாதவர்கள்கூட அருவியை நம்புவார்கள். பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. ஆவணிக்கு இரண்டே மாதம்.

விடிந்தும் விடியாததுமாக முதல் பஸ்ஸில் ஐந்தருவி போனேன். அதற்குள்ளேயே பெண்கள் பக்கம் கூட்டம். எண்ணெயும் சீயக்காயும் கலந்த வாடை. நான் ஓரமாக நின்று கால் நனைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு அம்மாள், "ஓரத்துல நின்னு என்னத்தக் குளிக்க? உள்ள வாங்க" என்று இழுத்துவிட்டாள். பாறையில் பிடிமானத்துக்குப் பதித்த கம்பியை இடது கையால் பிடித்திருக்கலாம். பழக்க தோசம், வலது கையால் பிடித்தேன். தண்ணீர் தோளில் இறங்கியது. ஒரு நிமிடம் சொர்க்கம்தான். பிறகு தண்ணீர் கனத்தது. அடியெடுத்து வெளியே வரப் பார்த்தேன், பாறை வழுக்கியது, உடம்பு மொத்தமும் அந்த ஒரு கையில் தொங்கியது. ஐயோ என்று கத்தினேன். அருவிக்குள் கத்துவது யாருக்குக் கேட்கும்? எல்லோரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள், சந்தோசத்தில்.

எப்படியோ வெளியே வந்து ஒரு படியில் உட்கார்ந்தேன். கை எழும்பவில்லை. ஈரத் தலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருத்தி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் என் முடியை இரண்டு கையாலும் அள்ளிப் பிழிந்து, உதறி, கொண்டை போட்டுவிட்டுப் போனாள். மாதக்கணக்கில் என் தலையில் வேறு ஒருவர் கை பட்டதே இல்லை. வலியில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு என் பையிலிருந்த பன்னை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டது. என் கதாநாயகன்! நல்லா வேணும் உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்கேன் எடுத்ததில் தசைநாரில் கிழிசல். பிசியோதெரபிப் பெண் என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னக்கா செஞ்சீங்க?" என்றாள்.

"பக்கெட் தூக்கிட்டேன்."

அவள் என் கையை மெதுவாக மடியில் இறக்கி வைத்தாள். "சீசன் தொடங்கினா எங்க கிட்ட வர்றவங்க பூராவும் பக்கெட்தான் தூக்கிருக்காங்க. இந்த வாரம் நீங்க நாலாவது பக்கெட்" என்றாள்.

"நான் நெசமாவே பக்கெட்தான் தூக்கினேன்" என்றேன். ஐம்பது வயதுக்காரி, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், வெட்கமில்லாமல் சாதித்தேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பலகையில் கோடு மறுபடி இடுப்புக்கு இறங்கியது.

ஆடியில் ஒரு மத்தியானம், வெளியே வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருக்க, பதிப்பாளருக்கு நானே போன் செய்தேன். "சார், நான் ஒரு படம்கூட வரையலை. பன்னெண்டுன்னு சொன்னது பொய். கை வரலை. வேற யாருக்காவது குடுத்துருங்க" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவரோ, "முன்னாலேயே சொல்லிருக்கலாமே மேடம்... சரி, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார். என் குரங்குக் குட்டி போய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தும் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

யாரும் எதுவும் கேட்காத நாட்கள் தொடங்கின. போன் அடித்தால் அது லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். பிசியோதெரபிப் பெண், "மேசையில முழங்கைய ஊனிக்கிட்டு ஏதாவது கிறுக்குங்கக்கா, அஞ்சு நிமிசம் மதி" என்றாள். அவள் கொடுத்த பயிற்சித் தாளின் பின்பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியை வரைந்தேன். கேவலமாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்திருந்தால்கூட அடித்துத் திருத்தியிருப்பேன். மறுநாள் கேபிள் வயரில் உட்கார்ந்த காகம். அதுவும் காகம் மாதிரி இல்லை. விரல் அசைகிறது, மணிக்கட்டு அசைகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காலையில் எழுந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து பத்தானது. தீப்பெட்டி போஸ்ட் கார்டானது. வெங்காயம், செருப்பு, மதினியின் தூக்குவாளி. ஐப்பசி மழையில் ஒரு நாள் ஜன்னலில் தெரிந்த கோயில் கோபுரத்தின் நுனியை மட்டும் வரைந்தேன். அதில் இரண்டு கோடு என்னுடைய கோடாக இருந்தது. அதைக் காட்ட ஒரு ஆள் கிடையாதே என்று இருந்தது. போனில் படம் எடுத்தேன். யாருக்கு அனுப்ப? எண்களை மேலும் கீழும் தள்ளிவிட்டு அணைத்துவிட்டேன்.

தை மாதம் அந்தப் புத்தகம் கூரியரில் வந்தது. பதிப்பாளர் மரியாதைக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். மட்டமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் பிரித்தேன். மட்டமாக இல்லை. குரங்கு நன்றாகவே இருந்தது, என் இடத்தில் வரைந்த பாவிப் பயல் நன்றாகவே போட்டிருந்தான். வயிறு எரிந்தது. ஆனால் அருவியைக் கண்டதும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, பட்டுத் துணி தொங்கவிட்டது மாதிரி! அதன் அடியில் பெண்கள் நிமிர்ந்து நின்று சிரிக்கிறார்கள். அட, அதன் அடியில் எவளால் நிமிர முடியும்? தண்ணீர் எவ்வளவு கனம் என்று அவனுக்கு யார் சொல்வது?

அன்றைக்கே பலகையில் பெரிய தாளைக் குத்தினேன். தோள் முக்கால் உயரத்துக்குத்தான் ஏறும். அதற்கு மேல் இடது கையால் வலது முழங்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். கோடு நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். பிறகு ஐஸ் கட்டி. இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. குனிந்த முதுகுகளாக வந்தது படம். முகமே இல்லை, எல்லாம் முதுகும் பிடரியும், மேலே தண்ணீர்.

முடித்த மறுநாள் காலை மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. வால்வைப் பார்க்க அண்ணாச்சி மேலே ஏறி வந்தார். திரும்பிப் போகும்போது என் கதவு திறந்திருந்தது. மோட்டாரைப் பற்றிச் சொல்ல வாசலில் நின்றவர் பலகையைப் பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த வீட்டுக்கு நான் குடிவந்த பிறகு அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"இது நம்ம ஐந்தருவில்லா!" என்றார். பக்கத்தில் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பிறகு ஒரு முதுகின் மேல் விரலை வைத்தார். "எல்லாப் பொம்பளையளும் ரெண்டு கையையும் தூக்கிக் கம்பியப் பிடிச்சிருக்காவ. இந்த அம்மாவுக்கு மட்டும் வலது கை ஏன் தொங்குது?"

நான் அதை யோசித்து வரையவில்லை. அவர் சொன்ன பிறகுதான் நானே கண்டேன். வாயில் பழைய பக்கெட் பொய் வந்தது. விழுங்கினேன்.

"இது நீங்கதான டீச்சர்?" என்றார், திரும்பாமலே. போலீஸ்காரர் கண்.

"ஆமா அண்ணாச்சி. ஆனி மாசம் போனேன். அங்கனதான் கை மறுபடி போச்சு. எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

இவராவது திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாவா போனிய?" என்றார்.

வருசக்கணக்கில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. தனியாகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.