முதல் தடவை யார் கொடுத்தது?

என் வீட்டுக்காரருக்கு விளையாட்டு என்றால் உயிர். பார்ப்பதற்குத்தான். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டார். அடுத்தது வரும் என்று நிற்பார். ஆனால் எந்த அணியின் கோச்சை எப்போது மாற்றவேண்டும் என்று கேளுங்கள், பல்கூட விளக்காமல் பதில் சொல்வார். எங்கள் குடியிருப்பில் அவருக்கு ரெஃப்ரி என்றுதான் பெயர். என்னை ரெஃப்ரி வீட்டம்மா என்கிறார்கள். கட்டிக்கொண்ட பாவத்துக்கு அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு வேலை, லிஃப்ட் மெக்கானிக். நான் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பெரிய துணியைச் சின்னதாக்கியும் சின்னதைப் பெரிதாக்கியும் கொடுக்கிறேன். டிவியும் அதே அறையில்தான். அதனால் அவருடைய கருத்துகள் ஒன்று விடாமல் என் காதில் விழுந்தாக வேண்டும். ஒரு கால்பந்து கிளப்பின் நிர்வாகம், ‘கோச்சின் மீது எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது’ என்று அறிக்கை விட்டால் போதும், இவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான், அந்த ஆள் பெட்டி கட்டவேண்டியதுதான் என்பார். பத்து நாளில் அப்படியே நடக்கும். உடனே, ஆட்டக்காரர்கள் கால் நகர்த்தாததற்குக் கோச் என்ன செய்வார் என்று, அதுவரை திட்டிய ஆளுக்காகவே வக்காலத்து வாங்குவார். எந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்று கேட்டால், வெளியே போகிறவர் பக்கம் என்பார்.

அதைவிட அவருக்குப் பிடித்தது, ஊக்கமருந்து போட்டுக்கொண்ட வீரர்கள் டிவியில் வந்து ஒப்புக்கொள்வதுதான். ஊரே கோபப்படும்போது இவருக்கு மட்டும் ஆர்வம் பிய்த்துக்கொண்டு வரும். சத்தத்தை அணைத்துவிட்டு அந்த ஆளின் கைகளை மட்டும் பார்ப்பார். பிறகு சத்தத்தைத் திறந்து வார்த்தைகளைக் கேட்பார். ‘என் உடம்பில் அந்த மருந்து இருந்தது’ என்று ஒருவர் சொன்னபோது, என்னமோ பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன பையைப்போலப் பேசுகிறானே என்று அவர் சொன்னதும், தைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். மனுஷனுக்கு வாய் ஜாஸ்தி, ஆனால் பேச்சில் விஷயம் இல்லாமல் இல்லை.

அவர் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஓட்டக்காரர் ஒருவர் இருந்தார். நீண்ட தூர ஓட்டம், நாட்டுக்காக ஓடியவர். அவர் படம் எங்கள் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவரும் டிவியில் வந்து உட்கார்ந்தார். எடுத்தேன், தெரிந்தே எடுத்தேன், பல வருஷம் எடுத்தேன் என்றார். அழவில்லை. இவர் தட்டில் கைவைத்தபடியே இருந்தார், சாப்பாடு காய்ந்துபோனது. அந்தப் படத்தைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

“கடைசி தடவை எப்போன்னு எல்லாரும் கேக்குறாங்க. முதல் தடவை எப்படின்னு ஒருத்தன் கேக்கலையே” என்றார்.

அது அவருடைய தொழில் புத்தி. லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால், போனதும் ஸ்பேனரை எடுக்கமாட்டார். நிற்பதற்கு முன்னால் என்ன செய்தது என்று வீடு வீடாக விசாரிப்பார். திடீரென்று நின்றுவிட்டது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அப்படி எதுவும் திடீரென்று நிற்காது, ஏதோ ஒரு மாடியில் லேசாக ஒரு குலுக்கல் குலுக்கியிருக்கும், ஏறியவர்கள் கண்டுகொண்டிருக்கமாட்டார்கள் என்பது அவர் வாதம். அந்த முதல் குலுக்கலைக் கண்டுபிடிக்காமல் அவர் கையை வைத்தது கிடையாது.

எங்களுக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பு. எண்ணூறு மீட்டர் ஓடுவாள். குடியிருப்புக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு சின்ன கிளப். போன வருஷம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் நான்காவதாக வந்தாள். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைப்பு. கதவுக்கு வெளியே இவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த வாரத்திலிருந்து காலையில் பால் காய்ச்சி அவளுக்குக் கொடுக்கும் வேலையை இவரே எடுத்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் ஓரகத்தியிடம் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன்.

இந்த வருஷம் கிளப்பின் பழைய கோச் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதுக் கோச் யார் என்று தெரிந்ததும் பெற்றோர் கூட்டம் கூச்சலில் முடிந்தது. அதே ஓட்டக்காரர்தான். தடைக்காலம் முடிந்து, பெரிய கிளப் எதுவும் சேர்க்காமல், எங்கள் ஊசிப்போன கிளப்புக்கு வந்திருந்தார். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இவர்தான் முதல் ஆளாக எகிறுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இவர் எழுந்து, ஏமாற்றியவனிடம் பிள்ளையை விடக்கூடாது என்று ஆரம்பித்து, ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவனுக்கு மறைக்க எதுவும் மிச்சமில்லை என்று முடித்தார். யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த ஆளை நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்ததை விடுவாரா?

தினமும் வேலை முடிந்ததும் மைதானத்துச் சிமெண்டுப் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கோச்சையே பார்ப்பார். வந்து என்னிடம் அறிக்கை வாசிப்பார். பிள்ளைகளை ஓடவே விடுவதில்லையாம், நடக்கச் சொல்கிறாராம். பிறகு ஓடவிட்டாராம், நேரம் பார்க்கவில்லையாம். பிறகு நேரம் பார்த்தாராம், யாரிடமும் சொல்லவில்லையாம். இந்த ஆளை மாற்றவேண்டும் என்று ஒருநாளும், இவரை விட்டால் ஆள் கிடையாது என்று மறுநாளும் சொன்னார். மகளோ நாளுக்கு நாள் வேகமாகிக்கொண்டு வந்தாள். தேர்வு நெருங்கியது. இந்தத் தடவை விடுதியில் இடம் உறுதி என்று கூட ஓடும் பிள்ளைகளே சொன்னார்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம், கிளப்புக்காகத் திருத்திய டிராக் பேன்ட்டுகளைக் கொடுக்க நானும் மைதானத்துக்குப் போனேன். கோச் படியேறி எங்களிடம் வந்தார். டிவியில் பார்த்ததைவிட ஒல்லி. மகளின் நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேகமாகக் குறைந்தால் தனக்குப் பயம் வரும், அது தன்னுடைய வியாதி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்றார். சாதாரணச் சாப்பாடுதான் என்றேன். இவருக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. வாய்ப்புக் கிடைத்துவிட்டதே.

“சார், நான் ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு முதல் தடவை யார் குடுத்தது?”

எனக்கு மானம் போயிற்று. வளர்ந்த மனுஷரிடம் கேட்கிற கேள்வியா? முழங்கையால் இடித்தேன். கோச் கோபித்துக்கொள்ளவில்லை. எங்களுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். டிவிக்காரர்கள்கூட இதைக் கேட்கவில்லை என்றார்.

“எங்க அப்பா” என்றார்.

இவர் அந்தப் பக்கமாகக் குனிந்தார். பிறகு, ஊசியா என்று கேட்டார்.

“ஊசியெல்லாம் ரொம்பப் பின்னாடி சார். பால்ல பொடி கலந்து குடுப்பாரு. சத்துன்னு யாரோ சொல்லி வாங்கினது. அதுல என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது. பின்னாடி தெரிஞ்சப்போ நிறுத்தியிருக்கலாம். ஆனா நான் ஜெயிச்சிட்டிருந்தேன்.”

கீழே பிள்ளைகள் கூப்பிட, எழுந்து போய்விட்டார். திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மகளுக்காகக் காத்திருக்காமல் எழுந்து நடந்தார். ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். நேராகச் சமையலறைக்குள் போய், மேல்தட்டில் பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தார். மேலே ஒரு காளை படம். உள்ளே என்ன என்று ஒரு வரி இல்லை.

ஜிம் வைத்திருக்கிற ஒரு ஆள், இவர் லிஃப்ட் பார்க்கப் போகும் கட்டடத்தில். அவன் கொடுத்தானாம். நான் கத்துவேன் என்று என்னிடம் மறைத்தாராம். பொடி என்றால் அவள் குடிக்கமாட்டாள் என்று சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கலக்கினாராம். நான் வாய்க்கு வந்தபடி கேட்டேன். உலகத்தில் எவன் எதைப் போட்டுக்கொண்டான் என்று நாக்கில் வைத்திருக்கிற ஆளுக்கு இது தோன்றவில்லையா? அவர் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஊக்கமருந்து என்றால் ஊசி, மாத்திரை, டாக்டர் என்றுதான் அவர் மனதில் பதிந்திருந்ததாம். பாலில் போடுவது சாப்பாடு இல்லையா என்றார்.

இதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்றார் பிறகு. இன்றோடு நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, தேர்வு முடியட்டும் என்றார். பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. குழாய்ச் சத்தத்துக்கு நடுவே கேட்ட அந்த அழுகையை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. டப்பாவை வாங்கிக் குப்பைப் பையில் போட்டேன். முடிச்சுப் போட விரல் வரவில்லை. அவர் குனிந்து அதை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மகள் வியர்வையோடு வந்தாள். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். அவர் நின்றபடியே, ஒரு தப்பு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தார். அங்கேயே நிறுத்தினார். அவர் காதுக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

“நான் உன் பால்ல இதைக் கலந்து குடுத்தேன். உன்கிட்ட கேக்கல. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை நாளாக என்றாள். போன தேர்விலிருந்து என்றார். கத்துவாள், டப்பாவை வீசுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்போ என் டைம் குறைஞ்சது?”

அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அவளே டப்பாவை எடுத்துக்கொண்டு கோச்சிடம் போனாள். இவரும் போனார். என்ன இருக்கிறது என்று தெரியாததை உடம்பில் வைத்துக்கொண்டு ஓடவிட முடியாது, இந்தத் தேர்வு வேண்டாம் என்றாராம் கோச். விடுதியில் சேர அவளுக்கு வயதுப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. அது தெரிந்தும் சொன்னார். இவர் கிளப்பில் எல்லோர் முன்னாலும் நின்று, நான்தான் கொடுத்தேன், பிள்ளைக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஜிம்காரனிடம் போய் ஒரு சண்டையும் போட்டார். சண்டை போட்டு என்ன? தேர்வு நாளன்று அவள் வீட்டில் உட்கார்ந்து எனக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தன் பாலைத் தானே காய்ச்சிக்கொண்டாள். அப்பா கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவரும் டிவி பார்த்தார், கோச்சுகள் போனார்கள், வந்தார்கள். கருத்து வந்தது, ஆனால் பாதியில் நின்றுபோனது. ஓட்டத்தை அவள் விடவில்லை. நேரம் பார்க்காமல் ஓடினாள். பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், இன்றைக்கு நேரம் பார்க்கப்போகிறோம் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு மைதானத்துக்கும் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் வந்து, கைகழுவி, சாப்பிட உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். கேட்காமல் அவர் பட்ட பாடு இருக்கிறதே, எனக்கே பாவமாக இருந்தது.

“முன்னைவிட ரெண்டு செகண்ட் கூட” என்றாள்.

அவருக்கு உயிர் வந்தது. இத்தனை மாசம் போட்டியில் ஓடாததால் அவ்வளவு கூடத்தான் செய்யும் என்றார். காற்று எப்படி இருந்தது, யார் கூட ஓடினார்கள் என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

“இது என்னோடதுப்பா. அது தெரியும். முன்னாடி ஓடினது என்னோடதா, அந்தப் பொடியோடதான்னு எனக்குத் தெரியாது. யாரைக் கேட்டாலும் தெரியப்போறதில்ல. நான் நல்லா ஓடின வருஷம் அதுதான். அதைத்தான் நீங்க எடுத்துட்டீங்க.”

குரலை உயர்த்தவில்லை. குழம்பு போதும் என்று என் கரண்டியைத் தடுப்பதுபோலவே சொன்னாள். இவரோ எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிற மனுஷர்.

“ஆமாம்மா. நான்தான் எடுத்தேன்” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, காலியான டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தி, தண்ணீர் ஊற்றச் சொன்னாள். அவர் அவசரமாக ஊற்றியதில் மேஜையெல்லாம் தண்ணீர். அவள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, டம்ளரை எடுத்துக் குடித்தாள்.