சிரிக்கக் கற்றுக்கொடுக்கும் அக்கா

"விளக்கை முதுகுக்குப் பின்னால வெக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது, மாமா? போன வெள்ளிக்கிழமை நீங்க வரவே இல்லியாம். உங்க நிழல் மட்டும் வந்து உக்காந்துட்டுப் போச்சாம்."

சொல்லிக்கொண்டே கலோலைனே மேசை விளக்கைத் தூக்கி ஃபினாவு மாமாவின் டேப்லெட்டுக்குப் பின்னால் வைக்கிறாள். வெளிச்சம் முகத்தில் அடித்ததும் மாமா கண்ணைச் சுருக்குகிறார்.

"சுருக்காதீங்க. ஜோக் புரியாத மாதிரி இருக்கு."

"நிஜமாவே புரியலன்னா என்னடி பண்றது?"

"புரியலன்னா இன்னும் நல்லா சிரிங்க. புரிஞ்சவங்க யாரும் அவ்வளவு சிரிக்க மாட்டாங்க."

கடல் தாண்டி வந்து குடியேறிய மாங்கெரே ஊரில், அவள் வீட்டுக் கராஜுக்குள் கார் நுழைந்து வெகு காலமாகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அந்த ஒரு கராஜ் ஐந்து வீடாக மாறிவிடும். ஒரு மூலையில் பூப்போட்ட படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருப்பாள். இன்னொரு மூலையில் நீலத் திரைச்சீலை. மூன்றாவதில், அழகாக நெய்த பாய் ஒன்றைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியிருப்பாள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நாற்காலி, ஒரு போன். வீடியோவில் பார்க்கிறவர்களுக்கு ஐந்து குடும்பங்கள் ஐந்து வீடுகளில் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். எல்லா மைக்கும் அணைந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் கராஜுக்கு வெளியே வார்த்தை போகாத அளவுக்கு.

இத்தனை ஏற்பாடும் தம்பி பெனிசிமானிக்காக. பகலில் பஸ் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொல்லைப்புறத்து மர அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இணையத்தில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துகிறான். அவன் முன்னால் இருக்கும் திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு முகம். ஒருவர் சிரிப்பும் அவன் காதுக்கு வராது. முகங்களைப் பார்த்துத்தான் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். "சுவத்தைப் பாத்து ஜோக் சொல்லச் சொன்னா எவனால முடியும்? என் தம்பியால முடியும். ஆனா ஏன் சொல்லணும்? நாம எதுக்கு இருக்கோம்?" என்பாள் கலோலைனே.

அவள் பருத்த உடம்புக்காரி. நரைத்த கூந்தலை ஒரு முடி பிசகாமல் இழுத்துக் கொண்டை போட்டிருப்பாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது அவள் வேலை. ரொட்டி எந்த மூலை, வெண்ணெய் எந்த மூலை, கரண்டிப் பொட்டலத்தின் மடிப்பு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். சொந்த ஊரான வவாவு தீவில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். ஆனால் எதையும் பாதி அடுக்கி விட்டுப் போனதில்லை. தட்டுகளை அடுக்குவதுபோலவே முகங்களையும் அடுக்குகிறாள்.

கராஜுக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் பல. உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே, கேமராவின் பச்சைப் பொட்டைப் பார். சேப்பங்கிழங்கு தோலை உரிக்க வேண்டுமென்றால் தாராளமாக உரி, ஆனால் மடியில் வைத்து உரி. கை அசையும்போது தோள் குலுங்கும், பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பாகத் தெரியும். அவன் பேச ஆரம்பித்ததும் டீக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோ, குடிக்காதே. மற்றவர்கள் சிரித்ததும் புரையேறியது போலக் கீழே வை. பக்கத்தில் புருஷன் தூங்கினால் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிடு, முழங்கையால் அடிக்கடி இடி. அன்பான தம்பதி என்று நினைப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஒன்று உண்டு. கொட்டாவி வந்தால், அழைப்பு மணி அடித்தால், ஜோக் பிடிக்காமல் முகம் சுருங்கப்போகிறது என்று தெரிந்தால், அப்படியே உறைந்துவிட வேண்டும். வாய் பாதி திறந்திருக்க, கண் இமைக்காமல், பல் தெரிய. "நெட் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சுக்குவாங்க. யாரும் உங்களைத் தப்பா நெனைக்க மாட்டாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் அப்படியே இருக்கலாம். மூச்சு மட்டும் விடுங்க, மாமா. போன தடவை நெஜமாவே பயந்துட்டோம்."

பெனிசிமானியும் இதைக் கேட்டுச் சிரித்தானாம். பக்கத்து வீட்டு சேலு வந்து சொன்னாள். சேலு வேறு தீவுக்காரி. கலோலைனேயோடு தட்டு அடுக்குகிறவள். அவனுக்கு உறவில்லை என்பதால் அவனுடைய எந்த ஜோக்கையும் அவள் கேட்கலாம்.

கலோலைனே கேட்க முடியாது. அவர்கள் டோங்கா நாட்டுக்காரர்கள். அங்கே அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. வயது வந்த பிறகு ஒரே அறையில் உட்கார்ந்து டிவிகூடப் பார்ப்பதில்லை. உடம்பு, உள்ளாடை, காதல், கழிவறை எதைப் பற்றிய பேச்சும் அக்கா காதில் விழும்படி தம்பி பேசக்கூடாது. பெனிசிமானியின் ஜோக்குகளில் இவை நான்கையும் எடுத்துவிட்டால், "எல்லாருக்கும் வணக்கம்" மட்டும்தான் மிஞ்சும் என்கிறாள் சேலு. அதனால் எல்லாரையும் உட்கார வைத்து, விளக்கைத் திருப்பி, மைக்கை அணைத்து, நிகழ்ச்சி தொடங்குமுன் கலோலைனே கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். தம்பி எப்படிச் சிரிக்க வைக்கிறான் என்று ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாது. "என்னடி சொன்னான்?" என்று வேலை செய்யும் இடத்தில் சேலுவை நச்சரிப்பாள். "ஒங்கிட்டயா? என் நாக்கு அழுகிடும். போ, ரொட்டிய வை" என்பாள் சேலு.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, வெல்லிங்டனிலிருந்து ஹெதர் என்ற பெண்மணி நிகழ்ச்சியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அங்கே நிஜமான மேடையில் நடக்கும் பெரிய நகைச்சுவை விழாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவள். "ஜோக்கை மட்டும் பாக்க மாட்டாங்களாம். ஜனங்க மொகத்தையும் பாப்பாங்களாம்" என்று சேலு சேதி கொண்டுவந்தாள். கலோலைனே அந்த வாரம் முழுக்க விரிப்புகளை இஸ்திரி போட்டாள்.

அன்று காலையில் சபையின் மூத்த பாடகர் இறந்துபோனார். ஊரே கறுப்பு உடுத்தி, துக்க வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு, பிரேதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் போய்விட்டது. அதைத் தவறென்று சொல்ல யாராலும் முடியாது. ஃபினாவு மாமாவும் போனார். சேலுவும் கிளம்பினாள், வாசலில் நின்று, "நாள மாத்தச் சொல்லக் கூடாதா?" என்றாள்.

"அந்தம்மாவுக்கு இன்னிக்குத்தான் நேரமாம்."

"அப்போ யாரு இருக்கா?"

"மத்த ஊருங்கள்ல இருந்து நாலஞ்சு மொகம் வரும். அது போதாது." கலோலைனே கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "உன் போனக் குடுத்துட்டுப் போறியா? தொப்பியும்."

சேலு அவளையே பார்த்தாள். "பைத்தியமா உனக்கு?"

"சத்தத்த அணைச்சிருவேன். ஒரு வார்த்த கேக்க மாட்டேன். மத்தவங்க சிரிக்கிறப்போ சிரிக்கிறேன். இத்தன பேருக்குச் சொல்லிக்குடுத்தவ, எனக்குத் தெரியாதா?"

சமையலறையில் உட்கார்ந்தாள். சேலுவின் அகலமான ஓலைத் தொப்பி, மூக்கில் படிக்கிற கண்ணாடி, கட்டத்துக்குக் கீழே சேலுவின் பெயர். விளக்கு சரியான இடத்தில், கோப்பை கையில். தம்பியின் முகம் திரையில் வந்தது. சத்தமில்லாமல் அவன் வாய் அசைந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள்; அவளும் கோப்பையைக் கீழே வைத்தாள். மறுபடி சிரித்தார்கள், தோளைக் குலுக்கினாள். ஹெதர் என்று எழுதிய கட்டத்தில் வெளுத்த முடியோடு ஒரு பெண்மணி முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

தம்பி கையை ஆட்டி, உதட்டைக் குவித்து, ஒரு பெண்ணைப்போல ஏதோ பேசுவது தெரிந்தது. யாரைப்போல நடிக்கிறான்? தோளைத் தூக்கும் விதம் பழகின விதமாக இருந்தது. கட்டை விரல் போனின் ஓரத்துப் பொத்தானில் இருந்தது. ஒரு கோடு ஏற்றினாள். இன்னொரு கோடு.

"...பரிசோதன பண்ற நர்ஸ் யாருன்னு பாத்தா, எங்க அத்தை! சபையில முன் வரிசையில உக்காருவாங்களே, அதே அத்தை. 'காச்சட்டையக் கழட்டுப்பா'ங்கறாங்க. நான் சொன்னேன், 'அத்தை, முதல்ல ஒரு ஜெபம் பண்ணிடலாமா?' அத்தை சொன்னாங்க, 'நீ பண்ணு. ஆனா நான் கண்ண மூட மாட்டேன்.'"

கலோலைனே கோப்பையை மறந்தாள், தோளை மறந்தாள். நிஜமாகச் சிரிப்பு வந்தால் அவளுக்குக் குரலே வராது. மூச்சு நின்றுபோய், வலது கை மட்டும் முகத்துக்கு முன்னால் விசிறிபோலப் படபடவென்று அடித்துக்கொள்ளும். சின்ன வயதில், இருவரும் இன்னும் ஒரே பாயில் விளையாடிய காலத்தில், அந்தக் கையை வரவழைப்பதற்காகவே பெனிசிமானி குட்டிக்கரணம் போடுவான்.

படபடத்த கை பட்டுத் தொப்பி நழுவியது. திரையில் தம்பி அடுத்த வரிக்கு வாயைத் திறந்தவன், அப்படியே நின்றான். பாதி திறந்த வாய். இமைக்காத கண். பல் தெரிந்தது. யாரோ, "நெட் போயிடுச்சு போல" என்று எழுதினார்கள். இன்னொருவர் கையை ஆட்டிப் பார்த்தார். ஹெதர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவன் முகத்துக்குப் பின்னால் ஜன்னல் திரை மட்டும் காற்றில் மெல்ல உப்பி, மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

கலோலைனே போனைக் கவிழ்த்துப் போட்டாள். திரும்ப எடுத்துப் பார்த்தபோது தம்பியின் கட்டம் இல்லை. சற்று நேரத்தில் ஹெதரின் கட்டமும் இல்லை.

மறுநாள் காலையில் அவன் சமையலறை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நேத்து நெட் சரியில்லக்கா."

"ஆமாப்பா. காத்து அதிகம்."

"சாப்பிட என்ன இருக்கு?"

சேம்பு இலையில் பொதிந்து வேகவைத்த டின் மாட்டிறைச்சியைத் தட்டில் வைத்து வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதோடு சரி. அவர்கள் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. வெல்லிங்டனுக்கு வேறொருவர் போனார். சபையில் எல்லாரும் இன்டர்நெட்காரனைத் திட்டினார்கள். கலோலைனேயும் கூடச் சேர்ந்து திட்டினாள். சாவுவீட்டில் பாடிவிட்டு வந்த சேலு மட்டும் யாரையும் திட்டாமல் தொப்பியையும் போனையும் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

தம்பி ஊருக்கெல்லாம் சொன்ன ஜோக்குகளில் அவளிடம் இருப்பது ஒன்று, அதுவும் பாதி. தட்டு அடுக்கும்போது சில நாள் கை நின்றுவிடும். "அப்புறம் அந்த அத்தை என்னடி சொன்னா?" என்பாள்.

"எனக்கென்ன தெரியும்? அத அவன் அப்புறம் சொல்லவே இல்ல" என்பாள் சேலு. ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, "இப்பல்லாம் வந்ததும் ஆரம்பிக்கறதில்ல உன் தம்பி. ஒவ்வொரு கட்டமா உத்துப் பாக்குறான். தொப்பி போட்டிருந்தா ரெண்டு தடவ பாக்குறான். அதுக்குள்ள ஜனங்க கொட்டாவி விட ஆரம்பிச்சுடுது" என்றாள்.

அதைக் கேட்ட வாரத்திலிருந்து கலோலைனே ஒரு வேலையைக் கூட்டிக்கொண்டாள். இந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மாமாவின் விளக்கைத் திருப்பிவிட்டு, சேலுவின் கோப்பையை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டு, "மூச்சு விடுங்க, மாமா" என்று சொல்லி, கராஜ் கதவைச் சாத்துகிறாள். பின்புறம் போய்க் கொல்லை விளக்கைப் போடுகிறாள். மர அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே துணிக்கொடி இருக்கிறது. அதன் கீழே ஒரு கூடையோடு நிற்கிறாள். ஜன்னல் திரை ஒரு விரல் அளவு விலகி, மறுபடி மூடுகிறது. அக்கா கட்டம் எதிலும் இல்லை, கொடியடியில் இருக்கிறாள். இனி அவன் உடனே ஆரம்பிக்கலாம்.

கூடையில் இருப்பவை மத்தியானமே காய்ந்துவிட்ட துண்டுகள். ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டு கிளிப் மாட்டுகிறாள். இன்னொன்றை எடுக்கிறாள். கராஜுக்குள்ளிருந்து சிரிப்பு வெடிக்கிறது. ஃபினாவு மாமாவின் கரகரத்த குரல், அதற்கு மேலே சேலுவின் கீச்சு. நடிப்பில்லை, அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும். மூச்சு நிற்கிறது. வலது கை தானாக முகத்துக்கு முன்னால் எழுகிறது.

ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தக் கையில் துண்டின் ஒரு முனையைப் பிடித்து, தண்ணீர் சொட்டுகிற துணியை உதறுவதுபோல அதைப் படபடவென்று உதறுகிறாள்.